பக்கத்துப் பல் என்ன சொல்கிறது? விழுந்த பல்லுக்கு மாற்று: இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் செட்

கீழ்க் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லும்போதே டாக்டர் மூன்று வழிகளைச் சொல்லிவிடுவார்: இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் வைக்கும் பல்), பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைத் தூணாக வைத்துக் கட்டுவது), கழற்றி மாட்டும் பல். கூடவே மூன்று விலை. வீட்டுக்கு வந்து கேட்டால் ஒருவர் "செய்யறதுதான் செய்யறே, இம்ப்ளான்ட்டாவே போட்டுடு" என்பார், இன்னொருவர் "ஒரு பல்லுக்கு நாப்பதாயிரமா!" என்று வாயைப் பிளப்பார். விலை கூடியது உசத்தி, குறைந்தது வசதியில்லாதவர்களுக்கு என்ற வரிசை நம் மனதில் தானாகவே அமைந்துவிடுகிறது. பல் விஷயத்தில் இந்த வரிசை பாதி நேரம் பொருந்தாது. பல் போன இடத்துக்கு இருபுறமும் நிற்கிற பற்கள் எப்படி இருக்கின்றன, அடியில் எலும்பு எவ்வளவு மிச்சம், கட்டிய பல்லை தினமும் சுத்தம் செய்யப்போவது யார் என்பதைப் பார்த்தாலே முக்கால்வாசி முடிவு வந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு, யாரும் கேட்பதில்லை: கட்டித்தான் ஆகவேண்டுமா?

போனது வரிசையின் கடைசிப் பல் என்றால், அதாவது இரண்டாவது கடவாய்ப் பல் என்றால், பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். நெதர்லாந்தின் ஆர்ண்ட் கைசர் என்ற பேராசிரியர் 1981-இலேயே இதை எழுதினார். முன்பற்களும் முன்கடவாய்ப் பற்களும் மேலும் கீழும் ஒழுங்காகச் சேர்ந்தால், பின்னால் ஓரிரு பற்கள் இல்லாமலேயே பெரும்பாலோர் நன்றாக மென்று சாப்பிடுகிறார்கள் என்றார். 28 பல்லும் இருந்தே தீரவேண்டும் என்று வாய் அடம்பிடிப்பதில்லை. 20 பல் நல்ல ஜோடியாக இருந்தால் சோறு இறங்கும். ஞானப் பல்லுக்கு மாற்று கட்டச் சொல்கிற டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டாவது கடவாய்க்குக் கட்டச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் தேவை என்று கேட்டு, பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழவேண்டாம்.

முதல் கடவாய்ப் பல்லின் கதை வேறு. ஆறு வயதில் முளைப்பதால், பாதிப் பெற்றோர் அதைப் பால்பல் என்று நினைத்துச் சொத்தையைக் கண்டுகொள்வதில்லை. நாற்பது வயதுக்குள் அதிகம் பறிபோகிற பற்களில் அதுவும் ஒன்று. மெல்லும் வேலையின் பெரும்பங்கு அதன் தலையில்தான். அது போன இடத்தைச் சும்மா விட்டால் பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாயும், மேல் தாடையில் எதிரே இருப்பது மெல்லக் கீழிறங்கும். எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சிலருக்குப் பத்து வருடம் கழித்தும் பெரிதாக எதுவும் நகர்ந்திருக்காது. எலும்பு மட்டும் யாருக்கும் காத்திருக்காது. பல் பிடுங்கிய இடத்தில் தாடையின் அகலம் ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ பாதி குறைந்துவிடும், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். இம்ப்ளான்ட் போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பல் பிடுங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிடுங்கிய குழியிலேயே எலும்புத் தூள் வைத்து மூடினால் சுருக்கம் ஓரளவு குறையும். பிடுங்கி இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அதே தூளுக்கும் அதற்கான தனி ஆபரேஷனுக்கும் தனி பில் வரும்.

பிரிட்ஜ் எப்படிச் செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். இரண்டு பக்கத்துப் பற்களையும் அரைத்துக் குறுக்கி, மூன்று பல்லும் ஒன்றாகச் சேர்ந்த கேப்பை, அதாவது பல்லின் மேல் போடும் உறையை, அவற்றின் மேல் ஒட்டுகிறார்கள். நடுவில் இருப்பது போலிப் பல், அது ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று தடவை போனால் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். கத்தி, தையல் எதுவும் இல்லை. விலையோ பெரும்பாலும் இம்ப்ளான்ட்டைவிடக் குறைவு. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய வகை என்றால் இன்னும் குறைவு.

கேப் போடுவதற்காக ஒரு பல்லை முழுக்க அரைக்கும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அந்தப் பல் ஒரு குறையும் இல்லாத நல்ல பல்லாக இருந்தால் இது பெரிய விலை. அரைத்த பல்லின் உள்ளே நரம்பு சில வருடத்தில் செத்துப்போகலாம். அப்போது கேப்பைத் துளைத்து ரூட் கெனால் செய்யவேண்டி வரும். பிரிட்ஜ் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை, ஓரத்தில்தான் கெடும். தூணாக நிற்கும் பல்லின் கழுத்தில், கேப் முடியும் இடத்தில், சொத்தை சத்தமில்லாமல் நுழையும். ஒரு தூண் போனால் மூன்றும் போச்சு. ஒரு பல் இல்லை என்று ஆரம்பித்தவர் இரண்டு பல் இல்லாமல் நிற்பார்.

இதே பிரிட்ஜ்தான் சரியான விடையாக இருக்கும் வாய்களும் நிறைய இருக்கின்றன. பக்கத்துப் பல் இரண்டும் ஏற்கெனவே ரூட் கெனால் ஆகி, பெரிய ஃபில்லிங்கோடு, எப்படியும் கேப் போட்டே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் எதற்கு? இரண்டு கேப்பும் ஒரு இம்ப்ளான்ட்டும் போடுகிற செலவில், ஒரு பிரிட்ஜைப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தை வங்கியில் போடலாம். நம் ஊரில் நாற்பது தாண்டிய பலரின் பின்வரிசை இப்படித்தான் இருக்கிறது. எக்ஸ்ரேயில் அந்த இரண்டு பல்லையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் வெள்ளையாகப் பெரிய அடைப்பு தெரிந்தால் பிரிட்ஜ் பக்கம் சாயலாம். கறைபடாத முழுப் பற்கள் என்றால் அவற்றைத் தொடவிடாதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற ஒரே உறுதியான அபிப்பிராயம் இதுதான்.

இனி இம்ப்ளான்ட். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க் 1950-களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன சிறு கருவியை வைத்து, எலும்பு ஆறும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்கப் போனால் எலும்பு அதை விடவில்லை. 1965-இல் அதே டைட்டானியத் திருகுகள் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த் தாடையில் ஏறின. 2006-இல் அவர் இறக்கும்வரை அவை அங்கேயே இருந்து வேலை செய்தன.

பெயரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்கு ஆபரேஷன் பெரிதல்ல. மரப்பு ஊசி போட்டு, ஈறை விலக்கி, உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே மெதுவாக எலும்பைத் துளைப்பார்கள். வேகமாகத் துளைத்தால் சூட்டில் எலும்பு செத்துவிடும். 4 மில்லிமீட்டர் தடிமனும் 10 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு திருகு, அவ்வளவுதான். பல் பிடுங்கிய வலியைவிட இது குறைவு என்றுதான் செய்துகொண்ட பலர் சொல்கிறார்கள். சோதனை பொறுமைக்குத்தான். எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளக் கீழ்த் தாடையில் இரண்டு மூன்று மாதம் ஆகும். மேல்தாடையில் எலும்பு மெத்தென்று இருப்பதால் இன்னும் கூடுதல். அதற்குப் பிறகுதான் திருகையும் கேப்பையும் சேர்க்கும் இணைப்புத் துண்டு, அளவெடுப்பு, கேப்.

ஆபத்து இல்லாமல் இல்லை. கீழே கடவாய்ப் பற்களுக்கு அடியில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு தரும் நரம்பு ஒரு குழாய் வழியாக ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அதற்கும் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். இடித்துவிட்டால் கீழுதடு மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவே. மேலே கடவாய்ப் பக்கம் சைனஸ் அறை இறங்கியிருந்தால் அதைத் தூக்கி அடியில் எலும்பு நிரப்பவேண்டும். செலவும் மாதங்களும் கூடும். சாதாரண எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்காமலே கடவாய்ப் பக்கம் துளைக்கத் தயாராக இருப்பவரிடமிருந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

"லைஃப் டைம் கியாரண்டி" என்று போர்டில் எழுதியிருப்பதை என்ன செய்வது? பல ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளியான ஓர் அலசலில், பத்து வருடம் கழித்தும் வாயில் நின்றவை எவ்வளவு என்று பார்த்தார்கள். பல்லின் மேல் கட்டிய பிரிட்ஜ் நூற்றுக்கு 89. ஒற்றை இம்ப்ளான்ட்டின் மேல் வைத்த கேப்பும் நூற்றுக்கு 89. எலும்புக்குள் இருக்கும் திருகை மட்டும் தனியாக எண்ணினால் 95-ஐத் தொடும். விளம்பரங்கள் சொல்வது இந்த எண்ணைத்தான். ஆனால் நாம் மெல்வது கேப்பை வைத்து. கேப்பின் பீங்கான் உடையும், உள்ளே இருக்கும் சின்னத் திருகு தளரும். ஆக, எத்தனை நாள் உழைக்கும் என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கெடும்போது எது யாரை இழுத்துக்கொண்டு போகிறது என்பதில்தான் வித்தியாசம். பிரிட்ஜ் பக்கத்துப் பல்லைக் கூட்டிக்கொண்டு போகலாம். இம்ப்ளான்ட் போனால் அது மட்டும் போகும், கொஞ்சம் எலும்போடு.

இம்ப்ளான்ட்டில் சொத்தை வராது என்பது சரி. அதனாலேயே துலக்கவேண்டாம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அழுக்கு சேர்ந்தால் சுற்றியுள்ள ஈறு வீங்கி, எலும்பு கிண்ணம்போல் கரையும். இம்ப்ளான்ட் போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வருடங்கள் போகப்போக இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். வலியே இல்லாமல் வளரும் நோய் இது. துலக்கும்போது ரத்தம் எட்டிப்பார்க்கிறதா என்பதுதான் முதல் அறிகுறி. ஈறு நோயால் ஆடிப்போய்த்தான் பல்லை இழந்தவர் என்றால், அந்த நோயை அடக்காமல் இம்ப்ளான்ட் வைப்பது பணத்தைக் கிணற்றில் போடுவதுதான். இன்னொன்று, உண்மையான பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய தசைநார் ஷாக் அப்சார்பர்போல வேலை செய்கிறது. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும். இரவில் போட்டுக்கொள்ள ஒரு கார்டு செய்து தருவார்.

சிலர் கொஞ்சம் தள்ளிப்போடவேண்டும், சிலருக்கு இந்த வழியே இல்லை. சர்க்கரை இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்றில்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8-க்கு மேல் ஏறி நின்றால் முதலில் அதை இறக்கிவிட்டு வரச் சொல்வார்கள். புகைபிடிப்பவர்களுக்குத் தோல்வி வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. பாக்கு, மாவா போட்டு வாய் இறுகிப்போனவர்களுக்கு நடைமுறைச் சிக்கல் வேறு: வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காவிட்டால் கடவாய்ப் பக்கம் துளைக்கும் கருவி உள்ளேயே போகாது. எலும்புத் தேய்மானத்துக்கு வருடாவருடம் ஜோலெட்ரானிக் ஊசியோ ஆறு மாதத்துக்கொருமுறை டெனோசுமாப் ஊசியோ போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், "அது முதுகுக்கு, பல்லுக்கு என்ன" என்று. தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் அந்த மருந்துகளில் உண்டு. தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டுப் போய் உட்காரக்கூடாது. வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு, பதினெட்டு வயதுக்கு முன், இம்ப்ளான்ட் கிடையாது. மற்ற பற்கள் வளர்ந்து இறங்கும்போது இது மட்டும் பின்தங்கி நிற்கும்.

விலையைச் சொல்லாமல் ஒப்பீடு எப்படி? தமிழ்நாட்டு நகரங்களில் ஓர் இம்ப்ளான்ட்டும் அதன் கேப்பும் சேர்த்து 25,000-இல் தொடங்கி 60,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். கொரியத் தயாரிப்புகள் நடுவிலும் ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்ற ஐரோப்பியப் பெயர்கள் உச்சத்திலும் இருக்கும். பெயருக்காக அள்ளிக் கொடுக்கவேண்டாம். ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு சின்னத் திருகு உடைந்தால் அதே அளவுத் திருகு கிடைக்கிற கம்பெனியா என்பது முக்கியம். பெட்டியில் மாடல், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரேயோடு வீட்டில் வையுங்கள். டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டால் அடுத்தவருக்கு அதுதான் சாவி. முதலில் சொல்லும் தொகையில் ஸ்கேன், எலும்புத் தூள், இணைப்புத் துண்டு, கேப் எல்லாம் அடங்குமா, அல்லது "இம்ப்ளான்ட்" என்றால் வெறும் திருகு மட்டும்தானா என்று எழுதி வாங்குங்கள். வழக்கமான மருத்துவக் காப்பீடு இதற்குப் பெரும்பாலும் பணம் தராது. விபத்தில் அடிபட்டால் மட்டும் கதை வேறு.

"மூன்றே நாளில் பல்" விளம்பரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். திருகு இறங்கும்போதே கெட்டியாகப் பிடித்தால் உடனே தற்காலிகப் பல் வைப்பது அங்கீகரிக்கப்பட்ட முறைதான், முழுத் தாடைக்கும் பல திருகுகளைச் சேர்த்துக் கட்டும்போது. நீளமான திருகுகளை அடி எலும்பின் கெட்டியான பகுதியில் இறக்குகிற பேசல் முறையும் இப்போது ஊர் ஊராக வந்துவிட்டது. வழக்கமான இம்ப்ளான்ட்டுக்கு இருக்கிற அளவு நீண்டகாலச் சான்று அதற்கு இல்லை. ஒற்றைக் கடவாய்ப் பல்லுக்கு அவசரப்படுவதில் எந்த லாபமும் எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்தால் யாரும் இளைத்துப்போவதில்லை. முன்பல் என்றால் நியாயம் வேறு, கல்யாணத் தேதி குறித்திருந்தால் இன்னும் வேறு. அதற்குத் தற்காலிகப் பல் எல்லா முறையிலும் உண்டு.

ஓரிரு பல்லுக்கான கழற்றி மாட்டும் செட்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிளாஸ்டிக்கில் செய்தால் சில ஆயிரத்தோடு முடியும். ஆனால் அது ஈறின் மேல் உட்கார்ந்து அழுத்தும்; கம்பி பிடிக்கிற பல்லில் அழுக்கு சேரும். உலோகச் சட்டத்தில் செய்தது மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும், அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. வளையும் செட் பார்க்க அழகு, ஆனால் பின்னால் இன்னொரு பல் போனால் அதில் ஒட்டுச் சேர்ப்பது கஷ்டம். காசு சேரும்வரை, எலும்பு ஆறும்வரை ஓட்டுவதற்கு இது நல்ல ஏற்பாடு. பல இடங்களில் விட்டுவிட்டுப் பற்கள் போனவர்களுக்கு நிரந்தர ஏற்பாடும் இதுவேதான்.

ஒரு பல்கூட இல்லாதவர்களிடம் வந்தால் கணக்கே மாறுகிறது. மேல் செட் பெரும்பாலும் பிரச்சினை தராது. அண்ணம் முழுவதும் பரவி, காற்றும் எச்சிலும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அண்ணமும் இல்லை, இடமும் இல்லை, நடுவில் நாக்கு வேறு. என் அத்தை முறுக்கை முதலில் ரசத்தில் நனைப்பார், பிறகு கீழ் செட்டைக் கழற்றித் தட்டோரம் வைத்துவிட்டு ஈறாலேயே மெல்வார். நாக்கைத் தூக்கினால் அது மிதந்து மேலே வரும்; புதிதாகச் செய்தாலும் அதே கதை. பல் இருக்கிறவன் பக்கோடா தின்கிறான் என்று சொல்லிச் சிரிப்பார். இவர்களுக்குக் கீழ்த் தாடையின் முன்பக்கம், கோரைப்பல் இருந்த இடங்களில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, செட்டின் அடியில் பிரஸ் பட்டன்போல டக்கென்று மாட்டும்படி செய்யலாம். அந்தப் பகுதியில் எலும்பு கெட்டி. உதட்டு நரம்பு அதற்குப் பின்னால் வெளியே வந்துவிடுகிறது. சைனஸ் தொல்லை இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்கவேண்டும் என்று அறிவித்தார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேயும், அவ்வப்போது மாற்றவேண்டும். அது சில்லறைச் செலவு. இம்ப்ளான்ட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான் என்பேன். ஆனாலும் பிள்ளைகள் அப்பாவுக்கு இதைப் பற்றி விசாரிப்பதே இல்லை, தங்கள் ஒற்றைப் பல்லுக்கு மட்டும் விசாரிக்கிறார்கள்.

அடுத்த படி, போர்ச்சுகலின் பாலோ மாலோ பிரபலப்படுத்திய ஆல்-ஆன்-4: நான்கு திருகின் மேல் ஒரு தாடையின் முழு வரிசையையும் நிரந்தரமாகக் கட்டுவது. கழற்றவேண்டாம், சொந்தப் பல் மாதிரியே இருக்கும்; செலவு லட்சங்களில். அறுபது வயதில், கையும் கண்ணும் நன்றாக இருப்பவர்களுக்குச் சரி. எண்பதை நெருங்குபவர் என்றால் அடுத்த பத்து வருடத்தையும் யோசிக்கவேண்டும். பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டால், நினைவு தப்பிவிட்டால், துலக்கிவிடப்போவது மருமகளோ, வீட்டுக்கு வரும் உதவியாளரோ. பட்டன் செட்டைக் கழற்றிக் குழாயடியில் கழுவிவிடலாம். ஈறோடு ஒட்டி நிற்கும் நிரந்தர வரிசையின் அடியில், வாயைத் திறக்க மறுக்கும் ஒருவருக்கு, இன்னொருவர் பிரஷ் நுழைப்பது நடக்கிற காரியமில்லை.

கையில் பணம் குறைவு, நேரம் இருக்கிறது என்றால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்கவேண்டாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, 2023 முதல் புதுக்கோட்டையிலும். செட், கேப், பிரிட்ஜ் எல்லாம் தனியாரைவிட வெகு குறைவான கட்டணத்தில் முடியும். இம்ப்ளான்ட் வசதி எங்கே, என்ன கட்டணத்தில் என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் பார்க்க மாணவர்கள் செய்வதால் ஒரு வேலைக்கு ஐந்தாறு தடவை அலைய வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு அது கஷ்டம், ஓய்வுபெற்றவருக்கு அவ்வளவு இல்லை. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டுப் போட்டுவிட்டு, பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட் மூன்றையும் கையில் வைத்திருங்கள்.